ஐஸ் ட்ரேக்குப் பக்கத்தில் பாதி சீரம்

ஹமீது நானாவின் ரிப்போர்ட்டைப் பார்த்ததும் என் முகம் வாடிவிட்டது. லேப் வேலையில் அதைவிடப் பெரிய தப்பு கிடையாது. எதிரே உட்கார்ந்திருந்த நானா என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

எண்பதுகளின் நடுவில் காரைக்காலில் ஒரு டாக்டரின் கிளினிக்கில் நான் லேப் டெக்னீஷியன். அண்ணன் முறையில் நாங்கள் நானா என்று கூப்பிட்ட ஹமீது துணிக்கடைக்காரர். பெருங்குடலில் புற்றுநோய் வந்து மெட்ராஸில் ஆபரேஷன் செய்துகொண்டவர், மருந்தும் ஏற்றிக்கொண்டிருந்தார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சி.இ.ஏ. டெஸ்ட். அந்தக் கட்டி ரத்தத்தில் விடும் ஒரு புரதம் அது. கட்டியை எடுத்தால் இறங்கும், திரும்ப வந்தால் பெரும்பாலும் ஏறும். எங்கள் ஊரில் அந்த டெஸ்ட் கிடையாது. நான் ரத்தம் எடுத்து, சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி, மேலே தெளியும் சீரத்தைப் பிரித்து, தெர்மாஸில் ஐஸோடு கொடுப்பேன். மீனுக்கு உடைக்கிற ஐஸ்தான். நானாவின் மச்சான் அதை மடியில் வைத்துக்கொண்டு மெட்ராஸ் பஸ் ஏறுவார்.

ஆபரேஷனுக்கு முன் இருபத்திரண்டு. அப்புறம் இரண்டு தடவையும் மூன்றை ஒட்டி. இப்போது ஏழு!

"நம்பரை மட்டும் வச்சு ஒண்ணும் சொல்ல முடியாதுங்க. ஒரு மாசம் கழிச்சு இன்னொரு தடவை பார்ப்போம்," என்றார் டாக்டர். நானா தலையாட்டினார். ஆனால் அவர் நம்பியது என் முகத்தை.

மறுநாள் அவர் மகள் மும்தாஜ் லேபுக்கு வந்து அழுதாள். டீச்சர் ட்ரெய்னிங் கடைசிப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தவள்.

"அக்கா, பரீட்சை முடிஞ்சு நடக்க வேண்டிய நிக்காஹை வாப்பா வர்ற வெள்ளிக்கிழமையே முடிக்கணும்ங்கிறாங்க. கண்ணை மூடுறதுக்குள்ள பார்த்துடணுமாம். மாப்பிள்ளை வீட்டுல கையோட கூட்டிட்டுப் போயிடுவாங்க. ரெண்டு வருசப் படிப்பு போச்சுக்கா."

எனக்கு என் மேலேயே ஆத்திரம் வந்தது. முதல் நாளே செய்திருக்க வேண்டியதை அப்போதுதான் செய்தேன். ரிப்போர்ட்டை மேலிருந்து கீழே படித்தேன். தலைப்பில் வேறு ஏதோ லேபின் பெயர்! மச்சானைப் பிடித்துக் கேட்டேன்.

"வழக்கமா கொடுக்குற லேப் அன்னைக்கு லீவுங்க. ஐஸ் வேற உருகிட்டிருந்துச்சு. அடுத்த தெருவுல கொடுத்துட்டேன். எங்க கொடுத்தாலும் ரத்தம் ஒண்ணுதானே?"

அட மனுஷா! வேறு லேப் என்றால் வேறு டெஸ்ட் கிட், வேறு முறை. ஒரே சீரத்துக்கு இரண்டு இடத்தில் இரண்டு நம்பர் வரும்.

நல்ல வேளை, எனக்கொரு பழக்கம் இருந்தது. அனுப்பும் சீரத்தில் பாதியை எடுத்து, ஃப்ரீசரில் ஐஸ் ட்ரேக்குப் பக்கத்தில் வைத்துவிடுவேன். "இது ஃப்ரிட்ஜா, மியூசியமா?" என்று டாக்டர் கத்துவார். அன்று மட்டும், "சீக்கிரம் பழைய லேபுக்கே அனுப்பும்மா," என்றார்.

அந்தப் பாதியை அனுப்பிவிட்டு நான் நேரே நானாவின் கடைக்குப் போனேன்.

"ஏழுன்னா எங்கயும் ஏழுதானே தங்கச்சி?" என்றார்.

கிட், முறை என்று நான் உளறிக்கொட்டினேன். அவர் அளவுகோலை எடுத்துக் கையில் உருட்டிக்கொண்டே கேட்டார். சட்டென்று நிறுத்தினார்.

"பிரெஞ்சுக்காரன் இருந்தப்ப எங்க வாப்பா இங்க மீட்டர்ல அளப்பாக. நாகூர்ல கெஜம். அங்க பத்துன்னு வாங்குன துணி, இங்க அளந்தா ஒம்போது சொச்சம்தான் வரும். வாங்குனவன் குதிப்பான். துணி குறையல, கோல்தான் வேற. அதைத்தானே சொல்ற?"

"அதேதான் நானா!"

"பழைய கோல்லயும் ஏழே வந்தா?"

"வந்தா, அடுத்து என்ன செய்யணும்னு டாக்டர் பார்ப்பாரு. இப்ப எனக்குத் தெரியாது நானா."

"சரி. அதுவரைக்கும் வெள்ளிக்கிழமையைத் தள்ளி வைக்கிறேன்."

அடுத்த வாரம் கவர் வந்தது. நானா உட்கார்ந்தார், மும்தாஜ் பின்னால் நின்றாள். இந்தத் தடவை முகத்தைக் கல்லாக வைத்துக்கொள்வது என்று முடிவு செய்திருந்தேன். லேப் பெயர், நோயாளி பெயர், தேதி எல்லாம் நிதானமாகப் படித்துக் கடைசியில் நம்பருக்கு வந்தேன்.

நானாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "என்ன தங்கச்சி, சிரிக்கக்கூட மாட்டேங்கிற? அவ்வளவு மோசமா?"

"மூணு நானா! மூணுதான்!" என்று கத்திவிட்டு, அழவும் செய்தேன். மும்தாஜ் பரீட்சை எழுதினாள், பாஸும் செய்தாள். நிக்காஹ் அதற்கப்புறம்தான்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்வேன்: நம்பருக்கு முன்னால் லேப் பெயரைப் படியுங்கள். பாதி சீரத்தை எடுத்து வையுங்கள். முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள். ரிட்டயர் ஆகும்வரை அது எனக்கு வரவேயில்லை.