அடக்கி வைத்த தண்ணீர்

குளிர் அவளுக்கு இடுப்பிலிருந்து தொடங்கியது. வெயில் ஏறிய பத்து மணி. தெருமுனையில் கூடைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த என் மனைவி தனம், மீன்மேல் போடும் ஈரச் சாக்கை எடுத்துத் தன் தோளில் போர்த்திக்கொண்டு நடுங்கினாளாம். பக்கத்துக் கூடைக்காரி அஞ்சலை ஓடிவந்து சொன்னபோது நான் அச்சகத்தில் ஒரு கல்யாணப் பத்திரிகைக்குப் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். பேனாவைக்கூட மூடாமல் போனேன்.

அந்த வருடத்தில் அது மூன்றாவது காய்ச்சல். முதல் இரண்டையும் மருந்துக்கடை மாத்திரையில் கழித்துவிட்டோம். அப்படிக் கழித்திருக்கக் கூடாது. இதைப் படிக்கிறவர்களுக்கு முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

மருத்துவமனை நடைக்கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். உட்கார்ந்தே இருந்தோம். உள்ளே கூப்பிட்டபோது எனக்குக் கால் மரத்திருந்தது, அவளுக்குக் கண் சொருகியிருந்தது.

மருத்துவர் இளம்பெண். "ஒரு நாளைக்கு எவ்ளோ தண்ணி குடிப்பீங்கம்மா?"

"குடிப்பேன்."

"எவ்ளோ?"

தனம் தரையைப் பார்த்தாள். "சோத்தோட ஒரு சொம்பு."

"காலையில கெளம்புனா?"

"வூட்டுக்குத் திரும்பி வந்துதாங்க."

நோயின் பெயர் பைலோநெப்ரைட்டிஸ் (மூத்திரப்பையில் தொடங்கும் கிருமித்தொற்று மேலேறிச் சிறுநீரகத்தைப் பிடிப்பது). ஸ்கேனில் இடது சிறுநீரகம் சுருங்கித் தெரிந்தது. இன்றைக்கு நேற்று வந்ததல்ல, பல வருடமாக வந்துவந்து போனது என்றார்.

"எடது பக்கம் போனது போனதுதாங்க. இனிமே வலது பக்கத்தக் காப்பாத்தணும். இது மாதிரி இன்னும் ரெண்டு மூணு தடவ ஏறிச்சின்னா டயாலிசிஸ்லதான் கொண்டுபோய் விடும்." (இயந்திரத்தில் இரத்தத்தைச் சுத்தம் செய்வது, வாரத்தில் பாதி நாள் அதற்கே போய்விடும்.)

பத்து நாள் ஊசி. சீட்டின் அடியில் பெரிதாக எழுதிக் கோடு போட்டிருந்தது: நிறையத் தண்ணீர் குடிக்கவும்.

அவள் மறுபடி கூடை தூக்கியதும் தினமும் ஒரு பாட்டில் நிரப்பிக் கொடுத்தேன். மத்தியானம் அது நிரம்பியே திரும்பி வந்தது. கெஞ்சினேன். பிறகு கத்தினேன். "குடிக்கிறேங்க" என்றாள். இருபத்திரண்டு வருடமாக நான் கேட்டுவரும் குரல் அது. ஒரு கதவைச் சத்தமில்லாமல் சாத்துகிற குரல்.

எங்கள் ஊரான காரைக்கால்மேட்டில் விசாரித்துப் பார்த்தேன். ஏலத்தில் மீன் எடுத்துக் காரைக்காலுக்குள் விற்கப்போகும் பெண்களில் அஞ்சலைக்குச் சிறுநீரகத்தில் கல். இன்னொருத்திக்கு மாதாமாதம் நீர்க்கடுப்பு. எல்லாருக்கும் ஏதோ ஒன்று இருந்தது, யாரும் அதை நோய் என்று சொல்லவில்லை. சூடு என்றார்கள்.

நான் எங்கள் ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் போனேன். அவர்கள், பெண்கள் உட்கார்ந்து விற்கும் தெருவின் ஜமாஅத்தாரிடம் பேசினார்கள். மகளிர் குழுவையும் அழைத்தார்கள். மூன்று தரப்பும் ஒரே பாயில் உட்கார்ந்தது பெரிய விஷயம். மருத்துவர் சீட்டில் எழுதியதைச் சத்தமாக வாசித்தேன். எல்லாருக்கும் ஒரே நேரத்தில் ஒரே யோசனை தோன்றியது.

தண்ணீர்ப் பந்தல் போட்டோம்.

தென்னங்கீற்று, இரண்டு பானை, வெள்ளரிப் பிஞ்சு, நீர்மோர். ஃபிளெக்ஸ் பேனருக்கு நான்தான் பிழை திருத்தினேன்; ஒற்றுகூட விடவில்லை. பஞ்சாயத்துத் தலைவரும் ஜமாஅத் செயலாளரும் சேர்ந்து திறந்து வைத்தார்கள். பெண்கள் கும்பிட்டு வாங்கிக்கொண்டார்கள். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தால், அஞ்சலை அந்தத் தண்ணீரைக் கையில் அள்ளி மீன்மேல் தெளித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன அஞ்சல இது?"

"வெயில்ல கெழங்கா மீனு காயிதுண்ணே. அது பாவமில்லையா?"

அன்று வீட்டில் நான் பேசியதை இங்கே எழுத முடியாது. தனம் கடைசிவரை கேட்டாள். பிறகு, தட்டைக் கழுவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டாள்:

"குடிச்சிட்டு எங்கங்க போறது?"

காலையில் இருட்டோடு போனால் மத்தியானம் இரண்டு மணிக்கு வீடு. நடுவில் ஒதுங்க இடமில்லை. அதனால் முதல்நாள் சாயங்காலத்திலிருந்தே தண்ணீரைக் குறைத்துக்கொள்வாளாம். அவளுடைய மாமியார், என் அம்மா, பழக்கியது. எல்லாப் பெண்களும் அப்படித்தானாம்.

என் உடம்புக்கு இந்த ஊரெல்லாம் சுவர் இருந்தது. எந்தச் சுவருக்கு முன்னால் நிற்பதென்று ஒருநாளும் நான் யோசித்ததில்லை.

அடக்கமான பெண் என்று தனத்துக்கு எங்கள் ஊரில் பேர். அந்தச் சொல்லை எத்தனை கல்யாணப் பத்திரிகைகளில், எத்தனை இரங்கல் அட்டைகளில் கண்ணால் கடந்திருப்பேன். குணத்துக்கும் அதே சொல், மூத்திரத்தைப் பொறுத்துக்கொள்வதற்கும் அதே வேர், மண்ணுக்குள் வைப்பதற்கும் அதுவே. எழுத்துப்பிழை இல்லாததால் நான் நிறுத்திப் படிக்கவில்லை.

இரண்டாவது கூட்டத்தில் இதை நான் சொல்லத் தொடங்கித் தடுமாறினேன். மகளிர் குழுத் தலைவி அமுதாதான் எழுந்தாள்.

"பந்தல் போட்டீங்க, நல்லாருக்கு. ஊத்துற எடத்தக் காட்டிட்டீங்க. விடுற எடத்தக் காட்டுங்க."

ஆண்கள் எல்லாருக்கும் ஒரே சமயத்தில் இருமல் வந்தது.

தெருமுனைக்குப் பக்கத்தில் பெண்கள் மதரஸா இருக்கிறது. பின்புறம் கழிப்பறை, குழாய், தண்ணீர். அங்கே ஓதிக்கொடுக்கும் ஜுலைஹா லாத்தா (அவர்கள் வழக்கில் அக்கா) தினமும் தனத்திடம் மீன் வாங்குகிறவர். எங்கள் கழிப்பறைக்கு வரலாமே என்று அவரே சொல்லியனுப்பினார். தயங்கியது எங்கள் பெண்கள்தான். கவிச்சியோடு ஓதுற இடத்துக்குள் எப்படிப் போவது? லாத்தா நேரே கூடைகளுக்கு முன்னால் வந்து நின்றார்.

"எங்க வூட்டுச் சட்டியில கொதிக்கிறது ஒங்க மீனுதானே? சட்டிக்கு ஆவுற கவிச்சி வாசலுக்கு ஆவாதாக்கும்! வாங்க புள்ளைவளா."

அதற்குப் பிறகும் ஆயிற்று இரண்டு மாதம். வகுப்புக்குக் குறுக்கே போகாமலிருக்கப் பின்சுவரில் ஒரு கதவு வைப்பதென்று முடிவு. கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்பதற்கே மூன்று கூட்டம். ஜமாஅத் இடத்தையும் தண்ணீரையும் கொடுத்தது. பஞ்சாயத்து ஆள் அனுப்பிச் சுவரை உடைத்தது. குழு முறைபோட்டுக் கழுவ ஒப்புக்கொண்டது. எல்லாரும் நல்லவர்கள். நல்லவர்கள் ஒன்றுகூடி ஒரு கதவை நிறுத்துவதற்குள் தனத்துக்கு நான்காவது காய்ச்சல் வந்தது.

மறுபடி அதே நடைக்கூடம். கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியே தள்ள வேண்டிய கழிவு, இரத்தத்தில் ஏறினால் சிறுநீரகம் தளர்கிறதென்று பொருள்) ஏறியிருந்தது. மருத்துவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம் என்றிருந்தது. கதவைப் பற்றிச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"நான் இத்தன நாளும் தண்ணி குடிங்கன்னு மட்டும்தான் சொல்லிட்டிருந்தேன், இல்ல?"

கதவு வந்தது. வந்த பிறகும் ஒரு சிக்கல்: எழுந்து போனால் கூடையை யார் பார்ப்பது? பூனை, காக்கை, வாடிக்கை. அதைப் பெண்களே தீர்த்துக்கொண்டார்கள். இரண்டிரண்டு பேராக ஜோடி. தனம் போனால் அஞ்சலை விற்பாள். "ஏண்டி, எங் கெழங்காவ ஒன் வெலைக்கு வித்துட்டியா?" என்று சண்டை வரும். சண்டை நல்லதாக இருந்தது. பாட்டில் காலியாக வந்தது.

உடம்பு உடனே நம்பவில்லை. குடித்தாலும் அடக்கியே பழகிய பை, நேரம் தெரியாமல் முழித்தது. மணிக்கு ஒருமுறை எழுந்து போகச் சொன்னார் மருத்துவர். முட்டினாலும் முட்டாவிட்டாலும். அவள் மறுபடி ஒரு குழந்தையைப் போலத் தன் உடம்பிடம் கேட்டுக் கேட்டுப் பழகினாள்.

போன வாரம் பரிசோதனை. கிரியேட்டினின் இறங்கவில்லை. ஏறவும் இல்லை.

"அப்படியே நிக்கிது. நமக்கு இதுதான் நல்ல சேதி" என்றார். இடது பக்கம் திரும்பாது. இனி வாழ்நாள் முழுக்க இந்த நிற்றலை எண்ணிக்கொண்டுதான். களைப்பாக இருக்கிறது. இருந்தாலும் அந்த எண் டயாலிசிஸ் இயந்திரத்துக்கு இன்னும் வெளியேதான் இருக்கிறது.

வரும் வழியில் துண்டு வாங்க ஒரு ஜவுளிக்கடைக்குள் நுழைந்தோம். ஆள் நிறைந்த கடை. வாசலில் நின்ற சிப்பந்தியிடம் தனம் கேட்டாள், கூடை வைத்து விற்கும் அதே குரலில்:

"தம்பி, பொம்பளைங்களுக்குப் பாத்ரூம் எந்தப் பக்கம்?"

இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். சிப்பந்தி கையை நீட்டிக் காட்டினார். ஸ்கேன் கவரை என் கையில் திணித்துவிட்டு அவள் அவசரமில்லாமல் நடந்தாள். நான் துணிகளுக்கு நடுவில் நின்றேன். இருபத்திரண்டு வருடத்தில் அவளுக்காக நான் இப்படி நின்றதே இல்லை. எவ்வளவு நேரமானாலும் ஆகட்டும் என்றிருந்தது.