ஒன்பதாம் கேள்வியும் ஒரு பென்சிலும்

கதவைத் தட்டுவது சுலபம். திறந்த கதவு மறுபடி மூடுவதற்குள் நாற்பது கேள்வி கேட்டு முடிப்பதுதான் எங்கள் தொழில். படிவக் கட்டோடு மாடிப்படி ஏறி இறங்கும் சர்வேக்காரத் தோழிகளே, நீங்கள் பட்டதைத்தான் நானும் பட்டேன். கிராமத்துப் பள்ளியில் பன்னிரண்டாவது வரை படித்துவிட்டு, செகந்திராபாத்துக்கு மருமகளாக வந்தவள் நான். மகள் யு.கே.ஜி. போனதும் இந்த வேலைக்கு வந்தேன். பெண்கள் என்னென்ன வேலை செய்கிறார்கள் என்று ஓர் ஆய்வு. நடத்துபவர் தார்நாகாவில் இருக்கும் வசுந்தரா மேடம். எனக்குக் குஷாய்குடாவில் முப்பது வீடு. முதல் மாதம் சோதனை. படிவங்கள் தேறினால் வேலை உண்டு, தேறாவிட்டால் வீட்டுக்குப் போகலாம்.

பூட்டிய வீடு

தெரு முனையிலிருந்து எண்ணி ஏழாவது வீடு, அங்கிருந்து மறுபடி ஏழாவது, இப்படித்தான் வீடு பொறுக்கவேண்டும். முதல் நாளே மூன்று வீட்டில் பூட்டு. வெயிலோ மண்டையைப் பிளக்கிறது. பக்கத்து வீட்டு அக்கா, "ரா அம்மா, கூர்ச்சோ" என்று உட்காரவைத்து மோர் கொடுத்தார். ஏழுக்குப் பதில் எட்டு, என்ன குடியா முழுகிவிடும்? அங்கேயே எழுதிவிட்டேன். இப்படியே மூன்று பூட்டுக்கு மூன்று பக்கத்து வீடு.

மேடம் மூன்றிலும் குறுக்கே கோடு போட்டார். பூட்டின வீட்டுக்கு வேறு வேறு நேரத்தில் மூன்று தடவை போகவேண்டுமாம். ஏன் என்று கேட்டேன். மேடம் மெட்ராஸில் படித்தவர், தமிழ் சரளம். "பெண்களோட வேலையைத் தேடிப் போயிட்டு, வீட்ல இருக்கிறவங்களை மட்டும் பார்த்துட்டு வந்தா எப்படிம்மா? வேலைக்குப் போனவதானே பூட்டிட்டுப் போயிருப்பா!"

சராசரி

பெண்ணைக் கேட்டால் ஆண் பதில் சொல்வது நம் எல்லாருக்கும் வாய்த்த தலைவலி. நான் போன ஒரு வீடு, தாத்தா காலத்தில் ரயில்வே வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பம். ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் வீட்டு வேலை என்று அந்த அம்மாவைக் கேட்டேன். வீட்டுக்காரர் பேப்பரை மடித்து வைத்தார். "எழுதிக்கோம்மா, எங்க வீட்ல சராசரியா ஆளுக்கு மூணு மணி நேரம்."

மூன்று மணி நேரம் வீட்டு வேலை செய்யும் ஆம்பிளையா! நான் வாய் பிளந்து நிற்க, குக்கர் விசிலையும் மீறி உள்ளேயிருந்து அந்த அம்மாவின் குரல் வந்தது. "எதுக்கும்மா யோசிக்கிறே? எனக்கு ஆறு, அவருக்கு சைபர். கூட்டி ரெண்டால வகுத்தா மூணுதானே!"

நாற்பது ஜாக்கெட்

ஒன்பதாம் கேள்வி: 'நீங்கள் வேலை செய்கிறீர்களா?' இல்லை என்றால் அடுத்த பக்கம் முழுவதையும் தாண்டிவிடலாம். பன்னிரண்டு வீட்டில் வரிசையாக 'இல்லை'. எனக்கும் கொண்டாட்டம்தான்.

பதின்மூன்றாவது வீட்டில் அனசூயா அக்காவும் இல்லை என்றுதான் சொன்னார். ஆனால் மடியில் ஜாக்கெட் குவியல். பேசிக்கொண்டே நாலு ஜாக்கெட்டுக்கு ஊக்கு தைத்து முடித்துவிட்டார். டெய்லர் கடைக்காரர் கொடுத்தனுப்புவதாம், தினம் நாற்பது. பதிலை நாமே வாயில் ஊட்டக்கூடாது என்பது விதி. இருந்தாலும் நாக்கு சும்மா இருக்கவில்லை. "அப்ப இது வேலை இல்லையா அக்கா?" என்று கேட்டுவிட்டேன். அக்கா சிரித்தார். "டி.வி. பார்த்துக்கிட்டே செய்யறதை எல்லாமா வேலைன்னு எழுதுவே?"

பென்சில்

கேள்வியில் ஒரு வார்த்தைகூட மாற்றக்கூடாது. பதில் கட்டத்துக்கு வெளியே எழுதினால் படிவமே தள்ளுபடி ஆகிவிடும். அதனால் கட்டத்துக்குள் 'இல்லை' என்றே குறித்தேன். மனசு கேட்கவில்லை. ஓரத்தில் பென்சிலால், 'இல்லை என்கிறார். கை ஊக்கு தைக்கிறது' என்று எழுதினேன். பழைய பன்னிரண்டு வீட்டுக்கும் மறுபடி போனேன். ஒருத்தி அப்பளம் இடுகிறாள், ஒருத்தி மூன்று வீட்டுக் குழந்தைகளைப் பகலெல்லாம் பார்த்துக்கொள்கிறாள். முப்பதில் பத்தொன்பது படிவத்தின் ஓரம் நிரம்பியது. போச்சு, என் வேலை அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேதான் கொடுத்தேன்.

மறுநாள் மேடம் எல்லாரையும் கூப்பிட்டு, நான் எழுதிய ஓரங்களை ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படித்தார். பிறகு என்னைக் காட்டி, "கேள்வி என்னுது, தப்பும் என்னுது. இவங்க வேலையில தொடர்றாங்க" என்றார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஒன்பதாம் கேள்வி போய், 'நேற்று எழுந்ததிலிருந்து படுக்கும் வரை என்னென்ன செய்தீர்கள்?' என்பது வந்தது. எல்லாரும் எல்லா வீட்டுக்கும் மறுபடி போகவேண்டும். மாதாப்பூர் அபார்ட்மெண்டுகளில் சர்வே எடுக்கும் ஷபானா என் தோளில் ஒன்று வைத்தாள். "ஒரே பென்சில்ல எங்க எல்லார் காலையும் ஒடச்சிட்டியேம்மா!"

பள்ளிப் படிவம்

அந்த வாரம் மகளின் பள்ளியில் பழைய விவரங்களைச் சரிபார்க்கக் கூப்பிட்டார்கள். சேர்க்கைப் படிவத்தில் 'தாயின் வேலை' என்ற இடத்தில் 'இல்லை' என்றிருந்தது. என் கையெழுத்தேதான்! அதை நிரப்பியபோது வீட்டில் எட்டுப் பிள்ளைகளுக்குத் தினமும் டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தேன்.

டீச்சரிடம் பேனா வாங்கி அந்த 'இல்லை'யை அடித்தேன். அப்படியானால் மம்மிக்கு என்ன வேலை என்று டீச்சர் மகளையே கேட்டார். மம்மி எல்லாரையும் கேள்வி கேட்கிறாள் என்று அவள் வகுப்புக்கே கேட்கும்படி தெலுங்கில் முழங்கினாள். "மா மம்மி அந்தரினி பிரஷ்னலு அடுகுதுந்தி!"

முப்பது வீட்டில் தேடி எழுதியவளுக்கு, தன்னைத் தேடி எழுத முப்பத்தோராவது படிவம் வரை ஆகியிருக்கிறது.