ஐயாதுரையின் பூச்சி நோட்டு

மூன்று நாள் பயிற்சிக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போன ஐயாதுரை, நான்காம் நாள் மம்சாபுரத்தில் பஸ்ஸைவிட்டு இறங்கும்போதே பூச்சி ஆபீசர் ஆகிவிட்டான். 1987-ம் வருஷம். பருத்தி விவசாயிகள் சங்கம் அவனுக்கு ஒரு விளக்குப்பொறியும் நோட்டும் லென்ஸும் கொடுத்திருந்தது. பொறியில் விழும் பூச்சிகளைக் காலையில் லென்ஸ் வைத்துப் பார்த்து, பருத்திக் காய்ப்புழுவின் தாய்ப்பூச்சி எத்தனை என்று பஸ் ஸ்டாப் பலகையில் எழுத வேண்டும். எண்ணிக்கை ஏறினால் நாங்கள் மருந்தடிப்போம். லென்ஸை அந்த மகாராசன் லாட்டரி ரிசல்ட் பார்க்க வைத்துக்கொண்டான்.

பொறியைப் பருத்திக்காட்டில் வைக்கச் சொல்லியிருந்தார்கள். அவ்வளவு தூரம் நடந்தால் துரைக்குக் கால் வலிக்குமே! டீக்கடையை ஒட்டியிருந்த அரிசி மில் சுவரில் மாட்டிவிட்டான். பலகையில் நாற்பது, அறுபது, தொண்ணூறு என்று ஏறியது. என் வீட்டுக்காரர் முத்துவீரன் நாலு தடவை மருந்தடித்தார். நாலாவது தடவை வாயில் நுரை தள்ளி வரப்பிலேயே விழுந்துவிட்டார்.

அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்த மறுநாள், காட்டுக்குப் போய் ஐம்பது காயைக் கீறிப் பார்த்தேன். ஒன்றில்கூடப் புழு இல்லை. நேரே மில்லுக்குப் போய், பொறியில் விழுந்த பூச்சிகளை ஐயாதுரை போட்டு வைத்திருந்த டப்பாவைப் பிடுங்கினேன். அவன் சட்டைப்பையில் இருந்த லென்ஸையும் எடுத்தேன். உள்ளே இருந்த பூச்சியெல்லாம் வைக்கோல் நிறம். விரித்துப் பார்த்தால் பின்சிறகின் நுனி ஊசி மாதிரி. காய்ப்புழுப் பூச்சி மங்கின பழுப்பு, முன்சிறகில் கறுப்புத் திட்டு இருக்கும். அவன் நோட்டின் முதல் பக்கத்திலேயே அந்தப் படத்தை ஒட்டியிருந்தார்கள். இரண்டும் ஒரே அளவு, சும்மா பார்த்தால் குழம்பும்தான். அதற்குத்தானே லென்ஸ்?

"அண்ணாச்சி, இது நெல்லுல வர்ற அந்து. மில்லுச் சுவத்துல மாட்டுனா வேற என்ன விழும்?" என்றேன்.

நோட்டை மூடி அக்குளில் இடுக்கிக்கொண்டு சொன்னான்: "எழுதுனது எழுதுனதுதான் தாயி. மாத்துனா மேல கேள்வி வரும்."

தூ, இவனெல்லாம் ஒரு மனுசன்.

முத்துவீரன் பிழைத்துக்கொண்டார், கை நடுக்கம் மட்டும் நிற்கவில்லை. வார்டில் நான் ஐயாதுரையை வண்டி வண்டியாகத் திட்டியதைக் கேட்டுவிட்டு, என் பக்கம் திரும்பிப் படுத்தார். எங்கள் வாசலில் நடந்தது அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. முதல் வாரமே ஐயாதுரை அங்கே டப்பாவைத் திறந்து பெருமையாகக் காட்டியிருந்தான். அந்து மாதிரி இருக்கிறதே என்று அப்போதே எனக்குத் தோன்றியது. பேண்ட் போட்டு நோட்டு வைத்திருப்பவனுக்குத் தெரியாததா என்று வாயை மூடிக்கொண்டேன்.

"நீயும் பாத்தேல்ல, பாலம்மா?" என்றார். "தெனமும் மொறத்துல பாக்குற பூச்சிதான?"