மூன்றாவது சுவிட்ச்

பிறந்து நான்கரை வருடத்தில் என் மகள் ஒரே ஒரு காலைதான் சமர்த்தாக உட்கார்ந்திருந்தாள். அவள் சமர்த்தாக இருக்கவே கூடாத காலை அது.

இடம் சித்தூர். மாதத்துக்கு ஒரு நாள் உட்கார்ந்து, குழந்தைக்கு என்ன குறை என்று சான்றிதழ் எழுதித் தரும் டாக்டரின் அறை. அந்தக் காகிதம் இருந்தால்தான் திருப்பதியில் பேச்சுப் பயிற்சிப் பள்ளியில் இடம். ஐந்து வயது முடிந்துவிட்டால் அங்கே புதிதாகச் சேர்க்க மாட்டார்கள். பயிற்சி தர மூன்று பேர் இருந்தார்களாம். ஒருவர் பெங்களூருக்கும் ஒருவர் துபாய்க்கும் போய்விட, மிஞ்சியது ஒரு டீச்சரம்மா. அவரும் எப்போது பெட்டி கட்டுவாரோ தெரியாது. "சீக்கிரம் ஆரம்பிக்கணும் சார், ஒவ்வொரு மாசமும் போனா போனதுதான்" என்று அவர் சொன்னதிலிருந்து மாதங்கள் போய்க்கொண்டிருந்தன. முதல் முறை சித்தூர் போனபோது டாக்டர் லீவு. இரண்டாம் முறை ரேஷன் கார்டு நகல் இல்லை.

அதற்கு முந்தைய இரண்டு வருடத்தை நான் வீணடித்தேன். யார் கேட்டாலும், "நானே நாலு வயசு வரைக்கும் பேசலையாம்" என்று சொல்லிவைத்தேன். சுத்தப் பொய். நான் தமிழ் வாத்தியார். எட்டு மாதத்திலேயே வாய் திறந்து இன்னும் மூடாதவன். வேலூரில் ஒரு டாக்டரம்மாதான் முதலில் ஆட்டிசம் என்றார். வீட்டில் ஏழு அகராதி வைத்திருக்கிறேன். ஒன்றிலும் அந்தச் சொல் இல்லை. அவர் எழுதிக் கொடுத்ததைச் சித்தூரில் நீட்டினால், "இதி தமிழ்நாடு பேப்பர்" என்று திருப்பித் தந்துவிட்டார்கள். சோதனைச்சாவடியைத் தாண்டி இந்தப் பக்கம், நாங்கள் இருக்கும் ஆந்திராவுக்குள், வந்ததும் என் மகளுக்கு ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டது.

மூன்றாம் முறை கிளம்பியபோது மனைவி அவளுக்குக் கிறிஸ்துமஸ் கவுனைப் போட்டு, இரட்டை ரிப்பன் கட்டி, பவுடர் பூசினாள். "கவனிக்காத பெத்தவங்கன்னு டாக்டர் நெனச்சிடக் கூடாதில்ல?" எனக்கும் அது நியாயமாகவே பட்டது. கான்வென்ட் அட்மிஷனுக்குப் போகிற மாதிரிதான் மூவரும் பிச்சாட்டூரில் பஸ் ஏறினோம்.

வரிசையில் எங்களுக்குப் பின்னால் நாராயணவனம் பக்கத்துப் பெண் ஒருத்தி, ஆறு வயதுப் பையனோடு நின்றிருந்தாள். என் மகளை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"இன்னா சார், கல்யாணத்துக்கா போறீங்க?"

"ஏம்மா?"

"இப்பிடி மினுக்கிக்கினு வந்தா எவன் எழுதிக் குடுப்பான்? போன மாசம் எம்புள்ள இங்க வந்து சிரிச்சிக்கினு நின்னான், தொரத்திட்டாங்க. இன்னிக்குக் காலைல துன்னவே ஒண்ணும் குடுக்கல. உள்ள போனதும் ஒரு சத்தம் போடுவான் பாருங்க." அப்படிச் சொல்லிவிட்டு முந்தானையில் முடிந்திருந்த இரண்டு இட்லியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "முடிஞ்சதும் குடுத்துடுவேன்."

என் மனைவி மகளின் ஒரு ரிப்பனை மெதுவாக அவிழ்த்தாள்.

உள்ளே மேஜைக்கு நேர் மேலே மின்விசிறி. அதோடு எங்கள் கதை முடிந்தது. சுற்றுகிற எதுவும் அவளுக்குப் போதும். இட்லித் தட்டு, கவிழ்த்துப் போட்ட சைக்கிள். எங்கள் தெருவில் கரண்ட் போனதை அவள் குரலை வைத்துத்தான் தெரிந்துகொள்வார்கள். சித்தூரில் அன்று கரண்ட் போகவில்லை. நிமிர்ந்து விசிறியைப் பார்த்து, லேசாகப் புன்னகைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"பங்காரம் லாண்டி பாப்ப!" என்றார் டாக்டர். தங்கமான குழந்தையாம். நல்ல மனிதர். பெயர் சொல்லிக் கூப்பிட்டார், அவள் திரும்பவில்லை. வீட்டில் தமிழா என்று கேட்டார். ஆமாம் என்றதும் அவர் முகம் மலர்ந்தது. வீட்டில் ஒரு பாஷை, தெருவில் ஒரு பாஷை, குழந்தை குழம்பிவிட்டது, அவ்வளவுதான் என்றார். திருத்தணியில் பார்த்த டாக்டர் இதையே சொல்லி, குற்றத்தைத் தெலுங்கின் மேல் போட்டிருந்தார்.

"லேது சார், பாப்ப பாகலேது சார்" என்றேன். என் மகள் சரியில்லை என்று நான் முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னது அதுதான். அதையும் இரவல் பாஷையில், தப்பும் தவறுமாக. பெற்ற தகப்பனே இப்படிப் பேசலாமா என்று டாக்டர் கண்டித்தார். ஆறு மாதம் கழித்து வரச் சொல்லி பைலை மூடினார்.

ஆறு மாதத்தில் அவளுக்கு ஐந்து முடிந்துவிடும். அதைச் சொல்ல எனக்குத் தெலுங்கு வரவில்லை. தமிழும் வரவில்லை. சுவர் ஓரமாக நின்றிருந்தேன். தோளுக்குப் பக்கத்தில் சுவிட்ச் பலகை. காலையில் அட்டெண்டர் விசிறியைப் போடும்போது வாசலிலிருந்து கவனித்திருந்தேன், மூன்றாவது.

அமுத்தினேன்.

விசிறி உடனே நிற்கவில்லை. வட்டமாக இருந்தது மெல்ல மெல்ல மூன்று இறக்கையாகப் பிரிந்தது. அவள் புன்னகை அதே வேகத்தில் கழன்றது. பிறகு அந்தக் குரல். மணிக்கட்டைக் கடித்தாள். நெற்றியை மேஜையில் மோதினாள். மனைவி குறுக்கே கையை வைக்க, அடுத்த மோதல் அந்தக் கையில் விழுந்தது. டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். ஓடி வந்த அட்டெண்டர், எரிந்துகொண்டிருந்த டியூப்லைட்டைப் பார்த்தான், சுவிட்சைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். விசிறியைப் போட்டான். அது சுற்றத் தொடங்கியும் அவள் நிறுத்தவில்லை. டாக்டர் நின்றபடியே கையெழுத்துப் போட்டார்.

வெளியே அந்தப் பெண் எழுந்து வந்தாள். "பாஸாயிட்டீங்களா சார்?"

தலையாட்டினேன்.

பஸ்ஸில் மனைவி வீங்கிய விரல்களைத் தேய்த்துக்கொண்டே, "நீதான அமுத்துன?" என்றாள்.

"ஆமா."

என் கையிலிருந்த சான்றிதழைப் பார்த்தாள். அப்புறம், "பேப்பர மடிக்காத, கசங்கிடும்" என்றாள்.

மகள் என் மடியில் இருந்தாள். என்மேல் கோபமா என்று குனிந்து பார்த்தேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை. அதனால் எதுவும் தெரியவில்லை.

டிரைவர் தலைக்கு மேல் ஒரு சின்ன விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, அதன் சுவிட்ச் அவர் கைக்குப் பக்கத்தில். புத்தூர் வரை அவள் அதையே பார்த்துக்கொண்டு வந்தாள். நான் டிரைவரின் கையைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.