வெள்ளைக் காருக்கு மஞ்சள் பூசிய கதை

நம்மூரில் இருக்கும் நீங்கள் நம்ப மாட்டீர்கள். கடல் தாண்டி மகள் குடியிருக்கும் இந்த ஆலன் ஊரில் காருக்கென்று வீட்டோடு ஓர் அறை கட்டி, அதில் பழைய சோபாவை அடைத்துவிட்டு, காரை வெயிலில் நிறுத்துகிறார்கள். பக்கத்து வீட்டு ஜிம் மட்டும் அப்படியில்லை. அவருடைய அறைக்குள் ஐம்பத்துநாலாம் வருஷத்து வெள்ளை கார்வெட் கார் ஒன்று மாப்பிள்ளை போல நின்றது. ஆறு வருஷம் பாடுபட்டுப் புதுசாக்கியிருந்தார். சனிக்கிழமை பழைய கார்களுக்கு அழகுப் போட்டி.

நாமக்கல்லில் என் வீட்டுக்காரர் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் இருந்தார். சட்டமும் எஞ்சினுமாக வரும் வண்டிக்கு மரமும் தகரமும் வைத்து உடம்பு கட்டுவார்கள். சோறு கொண்டுபோகும்போது தட்டிப் பார்ப்பது என் வழக்கம். ஜிம்மின் காரையும் தட்டினேன். பிளாஸ்டிக் வாளி மாதிரி சத்தம்!

"கண்ணாடி நாருல பிசின் ஊத்திச் செஞ்சதும்மா," என்றாள் மகள் கவிதா. "அப்ப இது புது டிசைன். முதல்ல எஞ்சின்தான் மந்தம். அப்புறம் வந்த கார்ல பெரிய எஞ்சின் வெச்சதும் பறந்துச்சாம்."

"உங்கப்பனாட்டவே. கல்யாணத்துக்கு அப்புறந்தான் வேகம் வந்துச்சு."

கட்டி முடித்த வண்டியை மஞ்சள் வைக்காமல் பட்டறையிலிருந்து வெளியே விடமாட்டோம். வெள்ளிக்கிழமை காலை ஜிம் காபி குடிக்க உள்ளே போன நேரம், மஞ்சளைக் குழைத்து முன்பக்கம் மூன்று கோடு இழுத்துவிட்டேன். திரும்பி வந்தவர் முகம் காரைவிட வெளுத்தது. துடைத்தார். கோடு அப்படியே இருந்தது.

"அம்மா! நாளைக்குப் போட்டிம்மா! கம்பெனியில இருந்து வந்த மாதிரியே இருக்கணும். சின்னக் கறைக்கும் மார்க் போயிரும். ஆறு வருஷ உழைப்பு!" என்று கவிதா பதறினாள்.

மஞ்சள் பட்ட வேட்டி எத்தனை துவைத்திருப்பேன்!

"மஞ்சக்கறை சோப்புக்குப் போவாது, வெயிலுக்குப் போயிரும். வெளிய தள்ளச் சொல்லு கண்ணு."

மகள் சொல்லியும் ஜிம் நம்பவில்லை. "சன்? ஒன்லி சன்?" என்று வானத்தை அண்ணாந்து பார்த்தார். வேறு வழியில்லாமல் தள்ளினார். மூவரும் நாற்காலி போட்டுக் காவல் காத்தோம்.

"ஏம்மா, இந்த ஊர் வெயில் கேக்குமா?"

"நம்மூர் வெயில்தான் புள்ள. அதுக்கு விசா வேண்டியதில்ல."

சாயங்காலம் குனிந்து பார்த்த ஜிம், கோட்டைத் தேடினார். காணவில்லை. நடுத்தெருவில் ஒரு ஆட்டம் போட்டுவிட்டு, "கம், மம்மி!" என்று என்னைக் காரில் ஏற்றிக் கிளப்பினார். கூரையில்லாத கார். நான் முன்னால் போய்க்கொண்டிருந்தேன். என் முந்தானை மட்டும் வெளியே கிளம்பி, வந்த வழியைப் பார்த்துப் பறந்தது.

"அம்மா, முந்தானைய உள்ள இழு!" என்று பின்னால் தெருவில் நின்று கவிதா கத்தினாள்.

"இருக்கட்டும் கண்ணு, அது கொஞ்சம் ஊர்ப்பக்கம் பாக்கட்டும்!" என்றேன்.