பிள்ளையார் முன் வைக்கப்போன ஸ்டீக் தட்டு

ஸ்டீக் என்றால் மாட்டுக்கறி, அதைத் தவிர வேறொன்றும் இல்லை என்று நாற்பத்தொன்பது வயது வரை நம்பிக்கொண்டிருந்தேன். எந்த மடையன் சொன்னான் என்று கேட்காதீர்கள். நானேதான்.

விருத்தாசலத்தில் நான் மேஸ்திரியாக இருக்கும் பீங்கான் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. புது அச்சில் வார்த்த முதல் உருப்படி சூளையிலிருந்து இறங்கியதும், அதில் சர்க்கரைப் பொங்கல் வைத்துப் பிள்ளையாருக்குப் படைப்போம். சோப்பு டப்பாவுக்குக்கூட அந்த மரியாதை கிடைத்திருக்கிறது.

புதுச்சேரி ஓட்டல் ஒன்று ‘ஸ்டீக் தட்டு’ கேட்டது. அச்சு செய்தவர் எங்கள் அச்சுக்கார அண்ணன். பதினைந்து வருடமாக அவர் டிபன் பாக்ஸும் என்னுடையதும் ஒரே பலகையில்தான் திறக்கும். முதல் தட்டைத் துடைத்து அவர் பிள்ளையார் முன் வைக்கப்போனார். நான் ஓடிப்போய்த் தட்டைப் பிடுங்கி முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன்.

“வேணாம்ண்ணே! மாட்டுக்கறி வெக்கிற தட்டு. சாமிக்குத் தீட்டு!”

“இப்பத்தான்யா நெருப்புலேருந்து வந்துருக்குது. அதுக்குள்ள எந்த மாடு வந்து அதுல படுத்துச்சு?” என்றார் அண்ணன்.

பட்டறையே சிரித்தது. அதோடு நான் வாயை மூடியிருக்கலாம். ஊரைச் சிரிக்கவைப்பவனுக்கு, ஊர் தன்னைப் பார்த்துச் சிரித்தால் தாங்காது.

“அதில்லண்ணே, அந்தக் கறி பட்ட பாத்திரத்த நாங்கல்லாம் தொடவே மாட்டோம்.”

சிரிப்பு நின்றது. அண்ணன் வீட்டில் மாட்டுக்கறி சமைப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். அவர் பாக்ஸில் வந்த புளிச்சோற்றை அத்தனை வருடமும் வழித்துத் தின்றவனும் நான்தான்.

“பதினஞ்சு வருசமா தொட்டுக்கிட்டுதானங்க இருக்கீங்க” என்றார். ‘வாய்யா போய்யா’ என்றே என்னோடு பேசுகிறவர், அன்றுதான் முதல்முறையாக ‘ங்க’ போட்டார்.

பதறிப்போய், அது மாட்டுக்கறித் தட்டுதானா என்று கேட்க ஓட்டலுக்குப் போன் போட்டேன்.

“சும்மா ஸ்டீக்னு சொன்னா பெரும்பாலும் மாடுதான் சார்” என்றார் ஓட்டல்காரர். “ஆனா தடிமனா வெட்டிச் சுட்ட துண்டு எதுக்கும் அந்தப் பேரு உண்டு. நாங்க காலிஃபிளவர்லகூட போடுறோம். உங்க தட்டு வஞ்சர மீனுக்கு.”

மீன் என்றதும் எனக்கு நிம்மதியானது பாருங்கள், அதுதான் எல்லாவற்றையும்விடக் கேவலம்.

தட்டை நானே பிள்ளையார் முன் வைத்தேன். பொங்கல் படைத்தோம். அண்ணன் வாங்கிக்கொள்ளவில்லை. மத்தியானம் தன் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு சூளைப் பக்கம் போய்ச் சாப்பிட்டார். பலகையில் நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன்.