கிருபையின் நெஞ்சில் மூடிய வழி

சபையாரே, என் மகள் கிருபை ஒன்றரை மாதம் முந்திப் பிறந்தவள். யுத்தம் முடிந்த மறுவருடம், ஐப்பசி மழையில், அரியலூர் ரயில்வே குடியிருப்பில் பிறந்தாள். என் கணவருக்குத் தண்டவாளத்தைப் பழுதுபார்க்கும் கேங்மேன் வேலை. கல்யாணமாகி ஏழு வருடம் கழித்து வந்த பிள்ளை. ஆனால் பத்து நாள்கூட என்னால் சந்தோஷப்பட முடியவில்லை.

பால் குடிக்க வைத்தால் இரண்டு வாய் குடிப்பதற்குள் மூச்சு வாங்கும். நெற்றி வியர்க்கும். விலா உள்ளே இழுக்கும். மார்பில் கை வைத்தால் என் உள்ளங்கை அதிரும்.

குழந்தையைக் குளிப்பாட்ட வந்த என் நாத்தனார் அவள் நெஞ்சில் காதை வைத்தார். முகம் மாறிவிட்டது.

“என்னாடி இது, ரயிலு போறாப்புல கடகடங்குது?”

யாருக்கும் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். கர்ப்பமாயிருந்த ஆறாம் மாதத்தில் ஒருநாள் தண்ணீர்க் குடத்தோடு தண்டவாளத்தைக் கடந்தேன். வளைவில் கூட்ஸ் வண்டி திடீரென்று வந்துவிட்டது. பின்வாங்கியதில் ஜல்லியில் விழுந்தேன். பெரிய அடி இல்லை. ஆனால் வெகுநேரம் நடுங்கினேன். அங்கே கடக்காதே என்று பலமுறை சொன்ன கணவரிடம் அதை எப்படிச் சொல்வது? மறைத்துவிட்டேன். அன்று பயந்த பயம்தான் பிள்ளையின் நெஞ்சில் இறங்கிவிட்டது என்று நம்பினேன்.

முழங்கால் போட்டு அழுதேன். “ஆண்டவரே, தப்பு என்னுடையது, பிள்ளையைத் தண்டிக்காதேயும்” என்பதைத் தவிர வேறு ஜெபம் வரவில்லை. எழுந்தால் மனம் முன்னைவிடக் கனத்திருக்கும்.

கார்த்திகையில் கணவர் லீவு போட்டு எங்களைத் திருச்சிக்கு அழைத்துப் போனார். மிஷன் ஆஸ்பத்திரியில் ஒரு லேடி டாக்டர் குழந்தையின் நெஞ்சிலும் முதுகிலும் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார். அவர் வாய் திறக்கும் முன்பே நான் உடைந்துபோனேன். கணவர் பக்கத்தில் நிற்கும்போதே, விழுந்ததைச் சொல்லிவிட்டேன்.

டாக்டர் ஒரு தாளை எடுத்துப் படம் போட்டார்.

“இங்க பாருங்கம்மா. கரு உண்டான ரெண்டாம் மாசத்துலயே இதயத்துக்கு மேல வளைவு வளைவா ரத்தக்குழாய் ஜோடி ஜோடியா முளைக்கும். சிலது மறைஞ்சுடும். சிலது பெரிய குழாயா நிலைச்சுடும். அதுல ஒண்ணு, ரெண்டு பெரிய குழாய்க்கு நடுவுல குறுக்குவழியா நிக்கும். வயித்துக்குள்ள பிள்ளை மூச்சு விடாதில்ல? அதனால ரத்தம் நுரையீரலுக்கு அதிகமாப் போகாம அந்த வழியா திரும்பிடும். பிறந்து மூச்சு விட்டப்புறம் அது தானா மூடிக்கணும். உங்க பொண்ணு முந்திப் பிறந்ததால இன்னும் மூடல. அதுல ரத்தம் பாயுற சத்தம்தான் நெஞ்சுல கேக்குது. நீங்க விழுறதுக்கு நாலு மாசம் முன்னாடியே உண்டான வழி அது. நீங்க போட்டதில்ல.”

“மூடிக்குமாங்க?” என்று கணவர் கேட்டார்.

“மூடலாம். மூடாமலும் போகலாம். வெளிநாட்டுல எங்கேயோ ஒண்ணு ரெண்டு இடத்துல ஆபரேஷன் பண்றாங்க. இங்க வழியில்ல. எடை ஏறணும். பாலைப் பீய்ச்சிப் பாலாடைச் சங்குல கொஞ்சம் கொஞ்சமாக் குடுங்க.”

திரும்பும்போது கணவர் மெதுவாகக் கேட்டார்.

“ஏன் புள்ள எங்கிட்ட சொல்லல? இத்தன நாளு தனியாவா அழுத?”

அவர் கண் கலங்கியதை அன்றுதான் பார்த்தேன். கிறிஸ்துமசுக்கு மட்டும் கோயிலுக்கு வருகிற மனிதர், குழந்தையின் மார்பில் கை வைத்து என்னோடு சேர்ந்து ஜெபித்தார். “நாங்க அறியாத நாள்ல இந்த வழிய உண்டாக்கினவர் நீர். நீரே மூடும்.” அவ்வளவுதான். அன்றிலிருந்து தினமும் காலையில் அவர் வேலைக்குப் போகுமுன் இருவரும் இதையே சொன்னோம்.

உடனே ஒன்றும் நடந்துவிடவில்லை. மார்கழியில் சளி பிடித்து இரண்டு நாள் குழந்தை பாலைத் தொடவில்லை. கைவிட்டுப் போய்விடுவாள் என்றே நினைத்தேன். நீங்கள் முறைபோட்டு வந்து என்னோடு உட்கார்ந்தீர்கள். அதை நான் மறக்கமாட்டேன். மூன்றாம் நாள் பாலாடையில் கொடுத்த பாலை நக்கினாள். பொங்கலுக்குள் கன்னத்தில் சதை பிடித்தது. வியர்வை நின்றது.

தை கடைசியில் மறுபடி திருச்சி. டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார். இடம் மாற்றிக் கேட்டார். முதுகில் கேட்டார். நர்ஸைக் கூப்பிட்டு அவரையும் கேட்கச் சொன்னார்.

“சத்தமே இல்லம்மா. மூடிக்கிச்சு. குறைமாசப் பிள்ளைக்கு இப்படி மூடறதுண்டு. ஆனா இவளுக்கு மூடும்னு நான் நம்பல.”

பிள்ளையை வாங்கி அணைத்துக்கொண்டேன். கணவர் அங்கேயே முழங்கால் போட்டார்.

அருமையானவர்களே, என் மகள் நெஞ்சில் வழி மூடியதற்கு முன்பே, என் நெஞ்சில் ஒளித்த பயத்தைக் கர்த்தர் திறக்க வைத்தார். அதையும் ஜெபத்துக்கு வந்த பதிலாகவே எண்ணுகிறேன். இப்போது எங்கள் குடியிருப்பில் பிள்ளைக்கு ஏதாவது ஒன்று என்று தாயைக் குறை சொன்னால் நான் போய் அவள் பக்கத்தில் உட்காருகிறேன். என் நாத்தனாரும் கூட வருகிறார். யாரிடமும் சொல்ல முடியாத ஒன்று உங்களுக்கும் இருந்தால், அதை மறைக்காமல் கர்த்தரிடம் சொல்லுங்கள். அவர் உங்களைத் தள்ளமாட்டார்.

கிருபைக்கு மூன்று வயது முடிந்துவிட்டது. நான் பேசி முடிப்பதற்குள் என் கையை உதறிக்கொண்டு வாசலுக்கு ஓடிவிட்டாள், பாருங்கள். மூச்சுகூட வாங்கவில்லை. ஸ்தோத்திரம். நான் போய் அவளைப் பிடிக்க வேண்டும்.